மழைக்கு முந்திய பணி: முலுண்ட் குன்றுச்சரிவு வீடுகளும் தொண்டு நிறுவனங்களும்

நமது நாட்டின் வேளாண்மை பருவமழையைச் சார்ந்தது என்பது அனைவரும் அறிந்த உண்மை. ஆனால், பெருநகரங்களில் வாழும் எளிய குடும்பங்களின் வரவு செலவும் அதே மழையைச் சார்ந்துள்ளது என்பது அவ்வளவாக உணரப்படுவதில்லை. உழவனுக்கு மழை வரவு. நகரத்துக் குடிசைவாசிக்கு மழை செலவு. கூரை, தரை, சுவர் ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவை அவன் தவிர்க்க இயலாது. அச்செலவை எப்போது, எந்தப் பணத்தைக் கொண்டு, யாருடைய துணையுடன் செய்கிறான் என்பதைப் பொறுத்தே அவனது குடும்பத்தின் பாதுகாப்பு அமைகிறது.

அட்லாண்டிக் பெருங்கடலையொட்டிய நாடுகளில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவமாகும். அங்குள்ள சமூகத் தொண்டு அமைப்புகள் பல, பருவம் தொடங்குமுன் முதியோர், ஊனமுற்றோர், வருவாய் குறைந்தோர் ஆகியோரின் வீடுகளைப் பார்வையிட்டு, கூரைகளையும் சன்னல்களையும் பலப்படுத்தித் தருவதைத் தமது பணியாகக் கொண்டுள்ளன. மும்பை மாநகருக்கு இத்தகைய பருவம் தென்மேற்குப் பருவமழைக் காலமே. ஜூன் இரண்டாவது வாரத்தில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நீடிக்கும் இம்மழைக்கு முன் வீடுகளைத் தயார் செய்யும் பணியில் தொண்டு நிறுவனங்கள் எவற்றைச் செய்ய முடியும், எவற்றைச் செய்ய இயலாது என்பதை முலுண்ட் புறநகரை முன்னிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

குன்றுக்கும் கழிமுகத்துக்கும் இடையே

மும்பை மாநகராட்சி எல்லையின் வடகிழக்கு மூலையில், தானே நகரை ஒட்டி அமைந்துள்ளது முலுண்ட். மாநகராட்சியின் ‘டி’ வட்டம் என்பது இப்பகுதியே. இதன் மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள் எழுகின்றன. கிழக்கே உப்பளங்களும் சதுப்பு நிலக் காடுகளும், அவற்றுக்கு அப்பால் தானே கழிமுகமும் உள்ளன. குன்றில் பெய்யும் மழை நீர், ஓடைகள் வழியாக நெடுஞ்சாலையையும் இரயில் பாதையையும் கடந்து கழிமுகத்தை அடைய வேண்டும். கடலில் ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் பெருமழை பெய்தால், நீர் வெளியேற வழியின்றித் தாழ்ந்த பகுதிகளில் தேங்குகிறது. 4.5 மீட்டருக்கு மேற்பட்ட ஓதம் எதிர்பார்க்கப்படும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவித்து எச்சரிப்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே இப்பகுதியில் மழையின் ஆபத்து இரு வகைப்பட்டது. தாழ்ந்த பகுதியில் வெள்ளம். குன்றுச் சரிவில் மண்சரிவு. சமதளத்தில் நில விலை எளியோர் கைக்கு எட்டாத நிலையை அடைந்தபோது, குடியிருப்புகள் சரிவுகளில் மேல்நோக்கிப் பரவின. இந்நிலை முலுண்டுக்கு மட்டும் உரியதன்று. பாண்டுப், விக்ரோலி, காட்கோபர், குர்லா, செம்பூர் என்று கிழக்குப் புறநகர்க் குன்றுகள் பலவற்றிலும் இதே வளர்ச்சியைக் காணலாம்.

இக்குன்றுகள் தக்காணப் பீடபூமிக்குரிய எரிமலைப் பாறையால் ஆனவை. பாறையின் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து முரம்பு மண்ணாக மாறியுள்ளது. உலர்ந்த நிலையில் உறுதியாக நிற்கும் இம்மண், நீரில் ஊறினால் எடை கூடிப் பிடிப்பை இழக்கிறது. வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியை வெட்டுவதும், வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டி நிரப்புவதும், மரஞ்செடிகளை அகற்றுவதும் சரிவை மேலும் வலுவிழக்கச் செய்கின்றன. வடிகால் இல்லாத இடங்களில் மழை நீருடன் வீட்டுக் கழிவு நீரும் மண்ணிலேயே இறங்குகிறது.

தமிழ்நாட்டிலிருந்து சென்று தாராவி, மாதுங்கா, செம்பூர், முலுண்ட் ஆகிய பகுதிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு இம்மழை பழக்கமற்ற ஒன்றாகவே தொடக்கத்தில் இருந்திருக்கும். அவர்களது ஊர்களில் ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதங்கள். ஆடி, காற்றுக்கு மட்டுமே பெயர் பெற்றது. மும்பையிலோ ஆனியும் ஆடியும் பெருமழை மாதங்கள். சென்னையின் ஆண்டுச் சராசரி மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மும்பைப் புறநகரில் அது 2,200 மில்லிமீட்டருக்கும் அதிகம். அதன் பெரும்பகுதி நான்கே மாதங்களில் பெய்து விடுகிறது. ஊரில் ஓலைக் கூரை வேய்ந்த அனுபவம் இங்கு முழுமையாகப் பயன்படுவதில்லை.

அனுபவம் தந்த பாடங்கள்

கடந்த கால் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் இவ்வாபத்தின் அளவைக் காட்டுகின்றன. 2000-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று காட்கோபர் குன்றுச்சரிவுக் குடியிருப்பு ஒன்றில் ஏற்பட்ட மண்சரிவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவான மழை அதன் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஒரே நகரின் இரு பகுதிகளிடையே இத்தகைய வேறுபாடு இருக்குமாயின், நகர் முழுமைக்கும் பொதுவான எச்சரிக்கை மட்டும் போதாது என்பது தெளிவு. அந்நாளில் சாகிநாகாவில் குன்று சரிந்து குடிசைகள் புதையுண்டன.

2019 ஜூலை 2 அன்று மலாடு பகுதியில் நீர்த்தேக்க வளாகச் சுவர் இடிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூர் வாஷி நாக்கா அருகே பாரத் நகரில் சுவர் இடிந்து 19 பேர் இறந்தனர். அதே இரவில் விக்ரோலியிலும் சரிவில் இருந்த வீடுகள் இடிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது.

இந்நிகழ்ச்சிகளை ஒருசேர நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, செம்பூரிலும் விக்ரோலியிலும் மாண்டோர் உறக்கத்தில் இருந்தவர்கள். எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறும் வாய்ப்பே அவர்களுக்குக் கிட்டவில்லை. இரண்டாவது, இடிந்து உயிர் குடித்தவை பெரும்பாலும் அவர்களது வீட்டுச் சுவர்கள் அல்ல. வீட்டுக்கு மேலேயோ பின்னாலோ இருந்த வேறு சுவர்களும் சரிவுகளுமே ஆகும். ஒரு குடும்பம் தன் வீட்டை எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும் பக்கத்திலுள்ள குன்று உறுதியாக இல்லாவிடில் பயனில்லை.

இவற்றுடன் புயல்களும் சேர்ந்துள்ளன. அரபிக்கடலில் தோன்றும் புயல்கள் மும்பையை அரிதாகவே நெருங்கின. ஆனால் 2020 ஜூன் 3 அன்று ‘நிசர்கா’ புயல் அண்டை மாவட்டமான ராய்கட்டில் கரையைக் கடந்தது. 2021 மே 17 அன்று ‘டவ்தே’ புயல் மும்பையை ஒட்டிக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் காற்று வீசியது. ஜூன் முதல் வாரத்துக்குள் கூரையைச் சீர் செய்தால் போதும் என்னும் பழைய கணக்கு இனிப் பொருந்தாது. மே மாத நடுவிலேயே பணி முடிந்திருக்க வேண்டும்.

மழைக்கு முந்திய பணியை வீடு, சந்து, குன்று என்னும் மூன்று வட்டங்களாகப் பிரித்து ஆராய்வது பொருத்தமாகும். ஒவ்வொரு வட்டத்திலும் செலவு வேறு, பொறுப்பு வேறு, தொண்டு நிறுவனத்தின் இடமும் வேறு.

முதல் வட்டம்: வீடு

குடிசைப் பகுதி வீட்டின் கூரை பெரும்பாலும் தகரத்தாலோ சிமெண்ட் அட்டையாலோ ஆனது. அதன்மேல் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு அல்லது தார்ப்பாய் இடப்படுகிறது. காற்றில் பறக்காமலிருக்க மேலே கற்களையும் பழைய டயர்களையும் அடுக்குவது வழக்கம். இதில் ஒரு தவறான கருத்து அடங்கியுள்ளது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், கூரையின்மேல் வேகமாகச் செல்லும் காற்று அதனை மேல்நோக்கி இழுக்கிறது. திறந்த கதவு வழியாக உட்புகும் காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. இவ்விரண்டும் சேரும்போது கற்களின் எடை போதாது. பறக்கும் தகரமும் உருளும் கல்லும் கீழே உள்ள வீடுகளுக்கு ஆபத்தாக முடிகின்றன.

தகடு குறுக்குச் சட்டத்தோடும், சட்டம் கைமரத்தோடும், கைமரம் தூணோடும், தூண் தரையோடும் பிணைக்கப்படுவதே உரிய முறை. இது ஒரு சங்கிலியைப் போன்றது. ஒரு கண்ணி விட்டாலும் கூரை போய்விடும். வளைந்த கொக்கி ஆணிகளை வளையத்துடன் சேர்த்து இறுக்குவதும், கூரையின் விளிம்புகளிலும் மூலைகளிலும் ஆணிகளை நெருக்கமாக அமைப்பதும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று போதிய அளவு படியுமாறு இடுவதும் அதிகச் செலவில்லாத திருத்தங்கள். தேவைப்படுவது பயிற்சி பெற்ற கையும் ஒரு நாள் உழைப்புமே.

தரையைப் பொறுத்தவரை, தாராவி போன்ற தாழ்ந்த பகுதிகளில் சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதன் மட்டம் உயர்கிறது. வீடு பள்ளத்தில் அமிழ்ந்தது போலாகிறது. வாசற்படியை உயர்த்துவதும் தரையை நிரப்புவதும் அங்கு முதன்மைப் பணிகள். மின் இணைப்புப் பலகையை உயரத்தில் மாற்றி அமைப்பதும், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் உயிர் காப்பவை.

சரிவில் உள்ள வீடுகளில் மிகுதியும் கவனிக்க வேண்டியது பின்சுவராகும். வெட்டப்பட்ட சரிவை ஒட்டியே அச்சுவர் எழுப்பப்படுவதால், மண்ணைத் தாங்கும் பொறுப்பும் அதன்மேல் விழுகிறது. அதற்கென அது கட்டப்படவில்லை. சரிவுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விட்டு, அதில் வடிகால் அமைக்க வேண்டும். சுவரில் புதிய விரிசல், திறக்க மறுக்கும் கதவு, சாயும் மரம் அல்லது மின்கம்பம், சரிவிலிருந்து திடீரெனப் பெருகும் கலங்கல் நீர் ஆகியவை மண் நகரத் தொடங்கியதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் வெளியேற வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கற்பிப்பது தொண்டர்களின் கடமை.

ஆவணங்களின் பாதுகாப்பையும் இங்கு குறிப்பிட வேண்டும். குடும்ப அட்டை, குடிசைக்கு வழங்கப்பட்ட நிழற்பட அடையாளச் சீட்டு, மின் கட்டண இரசீதுகள் ஆகியவை நனைந்து அழிந்தால், மறுகுடியமர்த்தும் திட்டத்தில் அக்குடும்பம் தன் உரிமையை மெய்ப்பிக்க இயலாது. வீடு இடிந்தால் மீண்டும் கட்டலாம். தாள் அழிந்தால் வீடு இருந்ததற்கே சான்று இல்லை. நீர் புகாத உறையில் ஆவணங்களைப் பரணில் வைக்கச் சொல்வதும், அவற்றின் படிகளை வேறிடத்தில் சேமிக்க உதவுவதும் சிறிய பணிகளாயினும் பயன் பெரியது.

சேமிப்பும் கடனும்

இவ்வளவு எளிய திருத்தங்களை மக்கள் தாமே ஏன் செய்துகொள்வதில்லை என்னும் வினா எழலாம். அறியாமை ஒரு காரணம் எனினும் அதுவே முழுக் காரணமன்று. பருவத்தின் ஏற்பாடு குடும்பப் பொருளாதாரத்துக்கு எதிராக அமைந்துள்ளது. மே மாதத்தில் ஊர்ப் பயணம், திருமணங்கள். ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பு, புத்தகம், சீருடை. மழை தொடங்கியதும் கட்டட வேலையும் நடைபாதை வாணிகமும் குறைந்து வருவாய் சுருங்குகிறது. கையில் பணம் மிகக் குறைவாக உள்ள நேரத்திலேயே கூரையின் தேவை மிகுதியாக உள்ளது. தார்ப்பாய், மூங்கில் ஆகியவற்றின் விலையும் அப்போதே ஏறுகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு குடும்பம் ஆண்டுதோறும் 3,000 ரூபாய் செலவிட்டுத் தார்ப்பாயும் மூங்கிலும் வாங்குவதாகக் கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் அது 15,000 ரூபாயாகும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கக்கூடிய, முறையாகப் பிணைக்கப்பட்ட தகரக் கூரைக்கு 12,000 ரூபாய் ஆகும் எனில், பின்னதே சிக்கனம். ஆயினும் 12,000 ரூபாயை ஒரே நேரத்தில் திரட்ட இயலாமையால் அக்குடும்பம் அதிகச் செலவு பிடிக்கும் வழியையே ஒவ்வொரு ஆண்டும் தேர்ந்தெடுக்கிறது. வட்டிக்கடைக்காரரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியில் கடன் பெற்றால், பத்தே மாதங்களில் வட்டி மட்டும் முதலுக்குச் சமமாகிவிடும். சேமிப்புக் குழுவில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் கிடைத்தால் முதல் மாத வட்டி 240 ரூபாய். கடன் தீரத்தீர அதுவும் குறையும். ஏழைக் குடும்பம் கூரையில்லாமல் தவிப்பதற்குக் காரணம் பணமே இல்லாமை என்பதைவிட, வேண்டிய நேரத்தில் பணம் இல்லாமை என்பதே பொருந்தும்.

இவ்விடைவெளியை நிரப்பும் வழியை மும்பை மகளிரே காட்டியுள்ளனர். 1984-இல் ஷீலா படேல் முதலியோரால் தொடங்கப்பட்ட ‘ஸ்பார்க்’ நிறுவனம், பைகுல்லாவின் நடைபாதைவாசிப் பெண்களிடையே பணியாற்றியது. அப்பெண்களின் கூட்டமைப்பாக 1980-களின் நடுவில் ‘மகிளா மிலன்’ உருவாயிற்று. குழுவைச் சேர்ந்த பெண்ணொருத்தி நாள்தோறும் வீடுவீடாகச் சென்று, இயன்ற சிறு தொகையைத் திரட்டுவாள். அச்சேமிப்பிலிருந்து அவசரத் தேவைகளுக்கும் தொழிலுக்கும் வீட்டுக்கும் கடன் வழங்கப்படுகிறது. யாருக்கு எவ்வளவு தேவை, யாரால் திருப்பிச் செலுத்த முடியும் என்பதை அன்றாடம் வாசலில் நிற்பவள் நன்கு அறிவாள். இத்தகவலைப் பெறுவதற்கு ஒரு வங்கி செலவிட வேண்டிய தொகை கடன் தொகையையே மிஞ்சக்கூடும்.

இவ்விரு அமைப்புகளுடன் இணைந்து செயற்பட்டது தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனம். இதனை 1974-இல் நிறுவிய அ. ஜோக்கின் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976-இல் அகற்றப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப் பகுதிக்கு மாற்றப்பட்டனர். அப்போராட்டத்தில் உருவான அவரது தலைமை பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பயன்பட்டது. 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்ற அவர் 2018-இல் காலமானார். மக்கள் தமது வீடுகளைத் தாமே எண்ணி, தமது தேவைகளைத் தாமே பட்டியலிட வேண்டும் என்பது இவ்வமைப்புகளின் அடிப்படைக் கொள்கை.

கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் 1990-களின் நடுவில் தொடங்கப்பட்ட திட்டமும் இங்கு ஒப்பிடத்தக்கது. தேசிய ஆராய்ச்சி வளர்ச்சி அறக்கட்டளை என்னும் தொண்டு நிறுவனம், வருவாய் குறைந்த குடும்பங்களுக்குச் சூறாவளியைத் தாங்கும் வகையில் வீட்டைத் திருத்தச் சிறு கடன் வழங்கியது. உள்ளூர்த் தச்சர்களுக்குப் பயிற்சி அளித்து, பணி தரமாக உள்ளதா எனப் பார்வையிடவும் ஏற்பாடு செய்தது. கடன், பயிற்சி, பார்வையிடல் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்ததே அதன் சிறப்பு. பணம் மட்டும் தந்தால் பழைய முறையிலேயே புதிய கூரை எழும். பயிற்சி மட்டும் தந்தால் கூரையே எழாது.

இரண்டாம் வட்டம்: சந்து

வீட்டை அடுத்த வட்டம் சந்தும் அதன் வடிகாலும் ஆகும். இங்குத் தனிமனித முயற்சி பயன் தராது. ஒரு வீட்டார் தமது வாசலைச் சுத்தம் செய்தாலும், கீழ்ப்புறம் அடைத்திருந்தால் நீர் தேங்கும். எல்லோருக்கும் பயன் தரும் பணியைத் தான் மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவது இயல்பு. பொருளாதார நூல்களில் பொதுப் பண்டம் என வழங்கப்படும் சிக்கல் இதுவே.

மும்பை மாநகராட்சி ஏப்ரல், மே மாதங்களில் பெரிய ஓடைகளைத் தூர்வாருகிறது. நகரின் பழைய வடிகால் அமைப்பு மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குமாறு அமைக்கப்பட்டது. அதனை 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டுமென 1993-இல் அளிக்கப்பட்ட வடிகால் அறிக்கை பரிந்துரைத்தது. 2005 வெள்ளத்துக்குப் பின்னரே பணிகள் வேகம் பெற்றன. ஆனால், இயந்திரமும் ஒப்பந்தக்காரரும் செல்ல முடியாத மூன்றடிச் சந்துகளின் கால்வாய்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றின் அடைப்பே சரிவில் நீர் இறங்கக் காரணமாகிறது.

செயின்ட் லூசியாவில் 2004 முதல் செயற்படுத்தப்பட்ட மற்றொரு முயற்சி இதற்குத் தீர்வு காட்டுகிறது. குன்றுச்சரிவுக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு சென்று, நீர் எங்கே சேர்கிறது, எங்கே மண்ணில் இறங்குகிறது என்பதைக் குடியிருப்போரிடமே கேட்டு வரைபடம் தயாரித்தனர். கூரை நீரையும் கழிவு நீரையும் சேகரித்துக் கீழே கொண்டு செல்லும் சிறு கால்வாய்களை அம்மக்களையே கூலிக்கு அமர்த்திக் கட்டினர். 2010 அக்டோபர் இறுதியில் ‘தாமஸ்’ சூறாவளி அத்தீவைத் தாக்கிப் பல இடங்களில் மண்சரிவு ஏற்படுத்தியபோது, கால்வாய் அமைக்கப்பட்ட சரிவுகள் நிலைத்து நின்றன. பெருஞ்சுவர் எழுப்ப வேண்டிய இடங்களில் பலவற்றில் சிறு கால்வாயே போதுமானதாக இருந்தது என்பது இதன் படிப்பினை.

முலுண்ட் சரிவுகளுக்கும் இம்முறை ஏற்றது. சந்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு வரைபடம், கால்வாய்க்கு மாநகராட்சிப் பொருள், உழைப்புக்கு உள்ளூர்க் கூலி என்று பணியைப் பகிரலாம். குடிசைப் பகுதித் துப்புரவில் உள்ளூர் அமைப்புகளை ஈடுபடுத்திய ‘தத்தக் வஸ்தி’ திட்டத்தின் வாயிலாக மாநகராட்சிக்கு இத்தகைய கூட்டுறவில் அனுபவமும் உண்டு. ஆனால், பள்ளி மாணவரும் இளைஞர் மன்றங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் குப்பை அள்ளுவதோடு பணி முடிந்ததாகக் கருதலாகாது. மழைக்காலம் முழுவதும் கால்வாய் திறந்திருப்பதை வாரந்தோறும் பார்வையிடப் பொறுப்பான ஒருவர் வேண்டும்.

மூன்றாம் வட்டம்: குன்று

மூன்றாம் வட்டத்தில் தொண்டு நிறுவனத்தின் ஆற்றல் முடிவடைகிறது. சரிவின் உறுதியை ஆராய்வதும், தாங்கு சுவர் எழுப்புவதும், வாழத் தகாத இடங்களிலிருந்து மக்களைக் குடியமர்த்துவதும் அரசின் கடமைகள். மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியத்தின் கீழுள்ள மும்பைக் குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியம் தாங்கு சுவர்களை அமைத்து வருகிறது. சுவர் மட்டும் போதாது. நீர் கசிந்து வெளியேறும் துளைகளும் பின்புற வடிகாலும் இல்லாத சுவர், மழையில் அணையாக மாறிப் பின்னர் இடிகிறது.

ஹாங்காங் இதில் வழிகாட்டியாகும். 1972 ஜூன் 18 அன்று அங்கு இரு இடங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 138 பேர் இறந்தனர். 1976-இல் மீண்டும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. 1977-இல் சரிவுகளைக் கண்காணிப்பதற்கெனத் தனி அலுவலகம் நிறுவப்பட்டது. சரிவுகளை எண்ணிட்டுப் பட்டியலிட்டு, பராமரிக்கும் பொறுப்பு எவருடையது எனக் குறித்து, ஆபத்தின் வரிசைப்படி பலப்படுத்தும் பணியைத் தொடர்ந்து நடத்தியதால் இறப்புகள் பெரிதும் குறைந்தன. எவருடைய சரிவு என்பது தெளிவான இடத்தில்தான் பராமரிப்பு நடக்கும். மும்பையில் ஒரே குன்றில் வனத்துறை, மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி, தனியார் என்று உரிமை பிரிந்து கிடப்பது பெருந்தடையாகும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆபத்தான சரிவுகளில் வாழ்வோர் வெளியேற வேண்டுமென மாநகராட்சி அறிவிப்பு வழங்குகிறது. பெரும்பாலோர் வெளியேறுவதில்லை. இதனை அலட்சியம் எனக் கொள்வது பிழையாகும். எங்கே செல்வது என்பது அறிவிப்பில் தெளிவாக இல்லாவிடில், அது எச்சரிக்கையாக மட்டுமே நின்றுவிடும். வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் மாற்றிடம் வேண்டும். அதைவிட முக்கியமானது, நான்கு மாதம் வெளியே தங்கினால் பழைய வீட்டின்மீதுள்ள உரிமை போய்விடுமோ என்னும் அச்சம்.

இவ்வச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1976 ஜனவரி 4 அன்று பம்பாயில் பொது நிலங்களிலுள்ள குடிசைகள் ஒரே நாளில் கணக்கெடுக்கப்பட்டன. கணக்கில் இடம் பெற்றோர்க்கே அடையாளச் சீட்டு வழங்கப்பட்டது. 1981 ஜூலையில் மழைக்கிடையே நடைபாதைக் குடிசைகள் இடிக்கப்பட்டன. வறட்சியால் 1961-இல் சேலத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் வாழ்க்கைத் தொழிலுக்கான உரிமையும் அடங்கும் என்று கூறிய நீதிமன்றம், மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆகும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, குடிசைகளை அகற்றலாகாது என ஆணையிட்டது. மழைக்காலத்தில் கூரை என்பது வெறும் வசதியன்று என்பதை இவ்வாணை ஒப்புக்கொண்டது எனலாம்.

முலுண்டை ஒட்டிய தேசியப் பூங்காவைப் பொறுத்தவரை, 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வனநிலத்திலுள்ள குடிசைகளை அகற்ற உத்தரவிட்டது. தகுதியுள்ளவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சாந்திவலியில் மாற்று வீடுகள் கட்டப்பட்டன. ‘நிவாரா ஹக்’ என்னும் மக்கள் அமைப்பு இதில் முக்கியப் பங்காற்றியது. மக்கள் அமைப்பின் துணையுடன் மறுகுடியமர்த்துவது இயலாத செயலன்று என்பதற்கு இது சான்று. அதற்கு ஆண்டுகள் பல ஆயின என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், சரிவுக் குடியிருப்புகளில் பணியாற்றும் தொண்டு நிறுவனம் ஆண்டு முழுவதற்குமான ஒரு கால அட்டவணையை வகுத்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்த அக்டோபரில் சேதங்களைப் பதிவு செய்து, மறு ஆண்டுக்கான சேமிப்பைத் தொடங்க வேண்டும். ஜனவரியில் வீடுவீடாகக் கணக்கெடுத்து, கூரை, தரை, பின்சுவர் ஆகியவற்றின் நிலைக்கேற்ப வரிசைப்படுத்த வேண்டும். முதியோர் தனித்து வாழும் வீடுகளும், ஊனமுற்றோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளும் பட்டியலில் முதலிடம் பெற வேண்டும். மார்ச் மாதத்தில் கடன் வழங்கி, விலை ஏறுமுன் பொருள்களை மொத்தமாக வாங்கலாம். ஏப்ரலிலும் மே முதற் பாதியிலும் கூரைப் பணியும் கால்வாய்ப் பணியும் முடிய வேண்டும். மே இறுதியில் ஒவ்வொரு சந்தும் தங்குமிடம் எது, இரவில் யார் விழித்திருப்பர், எவரை யார் அழைத்துச் செல்வர் என்பதை ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். மாநகராட்சியின் 1916 என்னும் அவசரத் தொலைபேசி எண் ஒவ்வொரு வாசலிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அரசு அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. வெளியேறும் அறிவிப்புடன் தங்குமிடத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டும். மழைக்காலத்தில் தற்காலிகமாக இடம்பெயரும் குடும்பத்தின் தகுதி எவ்வகையிலும் பாதிக்கப்படாது என்பதை எழுத்து மூலம் உறுதிப்படுத்தும் ஒரு சீட்டை வழங்கலாம். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆயினும் அச்சத்தால் சரிவிலேயே தங்கிவிடும் குடும்பங்களுள் பலவற்றை இது அசைக்கக்கூடும்.

தொண்டு நிறுவனங்கள் தமது எல்லையை உணர்ந்து செயற்படுவதும் இன்றியமையாதது. வீட்டுக் கூரையை அவை திருத்தலாம். சந்தின் வடிகாலை மக்களோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து காக்கலாம். சரியக்கூடிய குன்றின் கீழ் ஒரு வீட்டை அழகாகத் திருத்தித் தருவது, ஆபத்தில் மேலும் பல ஆண்டுகள் தங்கியிருக்க அக்குடும்பத்தை ஊக்குவிப்பதாகவும் முடியலாம். அத்தகைய வீடுகளில் கூரைக்குச் செலவிடும் பணத்தைவிட, அக்குடும்பத்தின் ஆவணங்களை ஒழுங்குபடுத்தி, சரிவின் நிலையைப் பதிவு செய்து, மறுகுடியமர்த்தக் கோரும் மனுவை உரிய அலுவலகத்தில் தொடர்ந்து வலியுறுத்துவதே சிறந்த தொண்டாகும்.

பேரிடருக்குப் பின் வழங்கப்படும் நிவாரணம் செய்தித்தாள்களில் இடம்பெறுகிறது. பறக்காத கூரையும் அடைக்காத கால்வாயும் செய்தியாவதில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்தில் இறுக்கப்படும் ஒரு கொக்கி ஆணியும், மே மாதத்தில் திறக்கப்படும் ஒரு கால்வாயும், உரிய காலத்தில் கையளிக்கப்படும் ஓர் உறுதிச் சீட்டும் ஜூலை மாத இரவில் உயிர்களைக் காக்க வல்லவை. மழைக்கு முந்திய இச்சிறு செலவுகளை அறச்செயல்களாக மட்டும் கருதாமல், நகர வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஏற்று நிதி ஒதுக்குவது இன்றைய தேவையாகும்.